ஓட்டுநர் கண்ணயர்ந்த நொடியும் அதற்கு முந்தைய இரவும்: சைக்கிள் மரணங்களில் பொறுப்பு யாருக்கு?

2013 ஜூலை 2ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், ஏ30 நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்த இரண்டு சைக்கிள் ஓட்டிகள் லாரி மோதி இறந்தனர். நாட்டின் ஒரு கோடியான லேண்ட்ஸ் எண்டிலிருந்து மறு கோடியான ஜான் ஓ கிரோட்ஸ் வரை நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காக அவர்கள் புறப்பட்ட முதல் நாள் அது. லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார். ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்த குற்றத்திற்காக 2014 ஜனவரியில் ட்ரூரோ நகர நீதிமன்றம் அவருக்கு எட்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதில் இன்னொரு விபத்துக்கான தண்டனையும் அடக்கம். முதல் வழக்கு நிலுவையில் இருந்த சில மாதங்களுக்குள்ளேயே அவர் மறுபடியும் ஓட்டும்போது கண்ணயர்ந்து மோதியிருந்தார்.

தண்டனையின் அளவைக் காட்டுவதற்காக இவ்வழக்கை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. தூங்கிவிட்ட ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு அந்த நீதிமன்றம் எந்த நேரத்தைப் பார்த்தது என்பதே இங்கு முக்கியம். குற்றவியல் சட்டம் மனிதனின் விருப்பத்தோடு கூடிய செயலைத்தான் தண்டிக்கிறது. தூங்குகிறவருக்கு விருப்பமும் இல்லை, செயலும் இல்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் அவர் ஓட்டவில்லை. மோதிய நொடியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், வலிப்பு வந்து மயங்கியவருக்கும் இவருக்கும் வேறுபாடு இல்லை என்றுகூட ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். வாதிட்டும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 1945ஆம் ஆண்டிலேயே, கே எதிர் பட்டர்வொர்த் என்ற வழக்கில் விடை கண்டுவிட்டது. தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் கார் ஓட்டிச் சென்ற ஒருவர் வழியில் தூங்கி, சாலையில் அணிவகுத்துச் சென்ற படைவீரர்கள் மீது மோதிவிட்டார். தூங்கிய பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல என்று கீழ் நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டில் அது செல்லவில்லை. தூக்கம் ஒருவரை முன்னறிவிப்பு இல்லாமல் வீழ்த்துவதில்லை. கண் சொருகத் தொடங்கும்போதே வண்டியை ஓரங்கட்ட வேண்டியவர் அப்படிச் செய்யாமல் தொடர்ந்து ஓட்டினார். குற்றம் அந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது என்று நீதிபதிகள் கருதினர். சட்டம் பார்க்க வேண்டிய காலம் மோதலுக்கு முந்தைய சில நிமிடங்கள், சில மணி நேரங்கள், சில வேளைகளில் முந்தைய இரவு முழுவதும் என்ற நிலைப்பாடு அன்று உறுதியாயிற்று.

அறிவியல் இதைப் பின்னால் வந்து வழிமொழிந்தது. லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரேனர் ஆகியோர் 1990களில் நடத்திய ஆய்வுகள், ஓட்டுநர்கள் தூங்கிவிடுவதற்கு முன்பு தூக்கத்தோடு போராடிய உணர்வு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது என்பதைக் காட்டின. கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது போன்றவை சிறிது நேரத்துக்கு மேல் உதவுவதில்லை. வண்டியை நிறுத்தி, காபி குடித்து, கால் மணி நேரத்துக்கும் குறைவாகவேனும் கண்மூடி எழுவதே பலன் தருகிறது. அவர்களே தூக்கத்தால் நேர்ந்த விபத்தை அடையாளம் காண்பதற்கான குறிகளையும் வரையறுத்தனர்: ஓட்டுநர் மது அருந்தவில்லை, வானிலை தெளிவு, வண்டியில் பழுதில்லை, எதிரே இருப்பது பல நொடிகளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடிகள் கண்மூடினால் வண்டி 67 மீட்டர் தூரம் ஆளில்லாமல் ஓடுகிறது. விடியற்காலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரையும், மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரமும் உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும் வேளைகள்.

1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் ஆகியோர் நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீடு இவற்றுள் மிகவும் கவனத்துக்குரியது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இருபத்துநான்கு மணி நேரமானால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கும் ஸ்டியரிங்கில் இருக்கும் ஓட்டுநர், ஒரு சொட்டு மது தொடாமலேயே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் இருக்கிறார். குடித்து ஓட்டுபவரைப் பிடிக்க ஊதுகருவி இருக்கிறது. தூங்காமல் ஓட்டுபவரைப் பிடிக்க ஒன்றுமில்லை.

இந்த வேறுபாடு தண்டனையில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு அமெரிக்கா இரண்டு நேரெதிர்க் காட்சிகளைத் தருகிறது. 2020 டிசம்பர் 10ஆம் தேதி நெவாடா மாநிலத்தில், சர்ச்லைட் என்ற ஊருக்கு அருகே, கூட்டமாகச் சென்ற சைக்கிள் ஓட்டிகள் மீது சரக்கு வண்டி ஒன்று பின்னாலிருந்து மோதி ஐந்து பேர் இறந்தனர். ஓட்டுநர் தூங்கிவிட்டதாகச் சொன்னார். அவருடைய இரத்தத்தில் மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் இருந்தது. அந்த ஒரு பரிசோதனை அறிக்கையே வழக்கை வேறு தளத்துக்கு உயர்த்த, 16 முதல் 40 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை கிடைத்தது. இதற்கு முன்பு, 1997இல் நியூ ஜெர்சியில், முப்பது மணி நேரம் தூங்காமல் வேன் ஓட்டிய ஒருவர் மேகி என்ற கல்லூரி மாணவியின் கார் மீது மோதி அவரைக் கொன்றார். தூங்காமல் ஓட்டக் கூடாது என்று மாநிலச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதால், வழக்கு 200 டாலர் அபராதத்தோடு முடிந்தது. மாணவியின் தாய் விடாமல் போராடியதன் விளைவாக 2003இல் மேகி சட்டம் வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் வாகனம் ஓட்டி ஒருவரைக் கொன்றால், அது வாகனத்தால் விளைவித்த கொலைக்குற்றமாகக் கருதப்படலாம் என்று அச்சட்டம் வகை செய்கிறது.

மேகி சட்டம் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த 24 என்ற எண் ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. இருபது மணி நேரம் விழித்திருந்தவர் அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றுவிடுகிறார். ஐந்து நாட்களாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி வண்டி ஓட்டியவரும் அப்படியே. நடைமுறையில் சாலையில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் சோர்வு. ஆர்கன்சா மாநிலமும் பின்னர் அதே 24 மணி நேர எல்லையைத்தான் எடுத்துக்கொண்டது. எண்ணைச் சட்டத்தில் எழுதுவது காவல்துறைக்கு எளிது, நீதிபதிக்கு எளிது. உடலுக்கு அந்த எண் தெரியாது.

இந்தியாவில் இத்தகைய எண்கூட இல்லை. 2024 ஜூலை 1 வரை, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு தண்டித்துவந்தது: அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது அபராதம் மட்டும், அல்லது இரண்டும். ஓர் உயிருக்கு ஈடாக அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, உச்சவரம்பை ஐந்து ஆண்டுகளாக்கியது. அபராதம் மட்டும் என்ற வழியையும் அடைத்தது. குறைந்தபட்சத் தண்டனை எதுவும் வைக்கப்படவில்லை. குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாகவே தொடர்கிறது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவிப்பதற்கு இங்கிலாந்தில் 2008 முதல் இருப்பதும் ஐந்தாண்டு உச்சவரம்புதான். அங்கே அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது: ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் பதினான்கு ஆண்டுகள் வரை என்றிருந்தது, 2022 ஜூன் முதல் ஆயுள் தண்டனை வரை என்றாயிற்று. தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டியவர் அந்த மேல் படிக்குப் போகிறார். நம் சட்டத்தில் அந்த இடைப்படி இல்லை. ஒருபுறம் கவனக்குறைவு, மறுபுறம் மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்த, கொலையாகாத மரணம். பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் 2006இல் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் காரேறி இறந்த வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவரை இரண்டாம் வகையில் வைத்தது சரியே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தூக்கத்தை அந்த வரிசையில் வைப்பது எளிதாக நடந்துவிடக்கூடியது அல்ல.

ஆண்டுகளின் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப்படும் குறை வேறோரிடத்தில், காவல் நிலைய மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும், ஓட்டுநர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார் என்ற அதே வரி இருக்கும். மறுநாள் நாளிதழில் தூக்கக் கலக்கம் என்று வரும் செய்தி, வழக்குக் கட்டில் அதிவேகமாக மாறிவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் விதிமீறல் வாரியாக விபத்துகளைப் பிரிக்கும் அட்டவணையில் அதிவேகம், மது, தவறான திசை, சிவப்பு விளக்கை மீறுதல், கைபேசி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு, தூக்கத்துக்கு இல்லை. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் மரணம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் எத்தனை, பிரேக்கைத் தொடாமலேயே நேராகப் போய் மோதிய வண்டிகள் என்பதைப் பிரித்தறிய அந்த அட்டவணை இடம் தரவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபிறகு இந்தப் பொத்தாம்பொதுவான வரியே குற்றம் சாட்டப்பட்டவரின் ஆயுதமாகிவிடுகிறது. அதிவேகம் என்று சொல்லிவிட்டால் மட்டும் கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது என்று 1998இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எவ்வளவு வேகம், என்ன சூழல் என்பதற்குச் சாட்சியம் இல்லாததால் அந்த ஓட்டுநரின் விடுதலை உறுதியானது. சட்ட நோக்கில் அத்தீர்ப்பைக் குறைசொல்ல முடியாது. குற்றவியல் வழக்கில் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதே நீதிமன்றம் 2000இல் தல்பீர் சிங் வழக்கில், தொழில்முறை ஓட்டுநர் ஒருவர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு நொடிகூடக் கவனம் சிதறுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்போடு சொல்லி, தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடும்படி கேட்ட கோரிக்கையை மறுத்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் முரண்பாடு இல்லை. நீதிமன்றம் கடுமையாக இருக்கத் தயார். அதற்கு வேண்டிய சாட்சியம் வந்து சேர்வதில்லை.

சைக்கிளில் சென்றவர் இறந்த வழக்கில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. கட்டுப்பாடு இழந்த வண்டி சாய்வது பெரும்பாலும் சாலையின் இடது ஓரத்துக்கு. அங்கேதான் சைக்கிள் போகிறது. விடியற்காலையில் பால் கொண்டுபோகிறவர், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் சிறப்பு வகுப்புக்குப் போகிற பதினோராம் வகுப்பு மாணவி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உடற்பயிற்சிக்காக மிதிக்கும் மென்பொருள் ஊழியர் என எல்லோரும், இரவு முழுக்க ஓட்டிவந்தவரின் உடல் மிகத் தளர்ந்திருக்கும் அதே நேரத்தில் சாலையில் இருக்கிறார்கள். இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் இருதரப்பும் பிழைத்து இரண்டு கதைகளைச் சொல்வார்கள். சைக்கிள் விபத்தில் ஒரு தரப்பு இறந்துவிடுவதால், மிஞ்சுவது ஓட்டுநரின் கதை ஒன்றுதான். அவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார், பின்விளக்கு இல்லை, நான் பார்க்கவே இல்லை. இவற்றுள் மூன்றாவது கூற்று உண்மையாகவே இருக்கும். பார்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டே. ஆனால் விசாரணையில் அது தற்காப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நாட்டின் சாலை மரணங்களில் சைக்கிள் ஓட்டிகள் சுமார் 3 சதவீதம். அளவில் சிறியதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் பேச ஆளில்லாத வழக்குகளின் பங்கு பெரியது.

கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவரின் நிலை இந்த வகையில் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் கைபேசியோடு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கும் மேலாக, கைபேசி தானே ஒரு சாட்சி. எந்த நொடியில் அழைப்பு வந்தது, எப்போது செய்தி அனுப்பப்பட்டது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவு சொல்லும். விசாரணை அதிகாரி கேட்டால் போதும். தூக்கம் அப்படிப் பதிவாவதில்லை. ஓட்டுநரின் முந்தைய ஒரு நாளைத் துண்டுதுண்டாகக் கூட்டித்தான் அதைக் காட்ட முடியும்.

அந்த முந்தைய நாளைக் கூட்டத் தொடங்கினால், ஓட்டுநரைத் தாண்டி வேறு சிலரும் கண்ணில் படுவார்கள். வழக்குக் கட்டு அங்கே போகாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி நேர ஓய்வும் தந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதே வரம்பைத் தன் பங்குக்கும் வலியுறுத்துகிறது. ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் கருவி அதைப் பதிந்துகொண்டே வரும். நம்முடைய எட்டு மணி நேரம் ஐரோப்பிய விதியைவிடக் கண்டிப்பானது. பதியும் கருவிதான் இல்லை.

நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ வடமாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் செல்லும் வண்டியின் பொருளாதாரம் இந்த எட்டு மணி நேரத்தை அறியாது. ஓட்டுநருக்குக் கூலி பெரும்பாலும் டிரிப் கணக்கில். போய்ச் சேரும் நேரம் குறையக் குறைய மாதத்தில் கூடுதல் டிரிப். முன்பு தேசிய அனுமதி பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒருவர் தூங்க மற்றவர் ஓட்டுவார். 2018 இறுதியில் மத்திய அரசு அந்த விதியை நீக்கிவிட்டது. நீக்கியதற்கு ஓட்டுநர் தட்டுப்பாடு, செலவு என்று தொழில் தரப்பில் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் மாற்று ஆள் இல்லாத வண்டியில், தூக்கம் வந்தால் நிறுத்த வேண்டும் என்ற 1945ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கடமையை நிறைவேற்ற ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே வழி, நேரத்தையும் கூலியையும் இழப்பது. லாரி நிறுத்துமிடங்களில் டீசல் திருட்டுக்கும் சரக்குத் திருட்டுக்கும் பயந்து, நிறுத்திய வண்டியிலும் அரைத் தூக்கம் தூங்குகிறவர்கள் அவர்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருப்பது வெப்பத்தால் வரும் சோர்வைக் குறைக்கும். நேரக் கணக்கை அது தொடாது.

தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நள்ளிரவுக்குப் பிறகு லாரிகளை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவச் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். அக்கறையோடு செய்யப்படும் வேலை என்பதில் ஐயமில்லை. முகம் கழுவுவதன் பலன் அடுத்த சில கிலோமீட்டருக்குத்தான். அந்தத் தேநீரோடு இருபது நிமிடம் படுக்க ஓர் இடமும் இருந்தால் ஆய்வுகள் சொல்லும் மருந்து முழுமையாகும்.

இந்த வேலை நேரப் பிரச்சினையை உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோன வழக்குக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்பு குறித்துப் பொதுநல வழக்கு தொடுத்தார். அதன் வழியே நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017இல் விரிவான உத்தரவுகள் வந்தன. 2025 ஏப்ரலில் அதே வழக்கில், 91ஆம் பிரிவின் எட்டு மணி நேர வரம்பைச் செயல்படுத்தும் வழிமுறை என்ன என்று நீதிமன்றம் கேட்டு, மாநிலத் துறைகளைக் கூட்டிப் பேசும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகத்தைப் பணித்தது. 1961இல் எழுதப்பட்ட விதியை எப்படிச் செயல்படுத்துவது என்று 2025இல் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.

உரிமையாளர் பொறுப்பே ஏற்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பொறுப்பு உரிமையியல் பக்கம் இருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநரின் தவறுக்கு உரிமையாளரும், அவர் சார்பில் காப்பீட்டு நிறுவனமும் பணம் தர வேண்டும். அங்கே நிரூபணத்தின் சுமையும் இலகுவானது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குற்றவியல் வழக்கில் விடுதலையான ஓட்டுநரின் வண்டிக்கு எதிராக இழப்பீடு கிடைப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. குடும்பத்துக்கு இது உயிர்நாடி. இருந்தாலும், பணத்தைத் தருவது காப்பீட்டு நிறுவனம் என்பதால், ஓட்டுநரை இருபது மணி நேரம் ஓட வைத்தவரின் சட்டைப்பையில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. சிறைக்கு ஓட்டுநர், பணத்துக்குக் காப்பீடு என்று பொறுப்பு இரண்டாகப் பிரிந்து, நடுவில் இருப்பவர் நழுவிவிடுகிறார்.

தீர்ப்பாயத்திலும் சைக்கிள் ஓட்டியின் குடும்பம் ஒரு வாதத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது: இறந்தவரும் கவனக்குறைவாக இருந்தார், ஆகவே இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். நெதர்லாந்து இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே மோட்டார் வாகனம் சைக்கிளோடு மோதினால், தவிர்க்கவே முடியாத சூழல் என்று வாகனத் தரப்பு நிரூபிக்காதவரை இழப்பீட்டில் குறைந்தது பாதி அதன் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் பதினான்கு வயதுக்கு உட்பட்டவராயின் முழுவதும். ஆபத்தைச் சாலைக்குக் கொண்டுவருபவர் அதற்குரிய சுமையைத் தாங்கட்டும் என்பது அதன் நியாயம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவும் தவறு யாருடையது என்று கேளாமலேயே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், தவற்றை நிரூபித்துக் கூடுதலாகப் பெறும் வழி மூடிவிடுகிறது. வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் கிடைப்பது 161ஆம் பிரிவின் 2 லட்சம். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 25,000 ரூபாயாக இருந்தது.

வண்டி தெரியாமல் போவது என்பதும் தற்செயல் அல்ல. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி விடியற்காலையில் நவி மும்பையின் பாம் பீச் சாலையில், பென்டியம் சில்லின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய, இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி, சைக்கிளில் சென்றபோது வாடகைக் கார் மோதி இறந்தார். மோதிய பிறகும் கார் நிற்காமல் செல்ல முயன்றதாகவும், சைக்கிளின் சட்டகம் முன்சக்கரத்தில் சிக்கியிருந்ததாகவும் செய்திகள் வந்தன. வாடகைக் காரின் ஓட்டுநர் அன்று எந்த மணிக்கு வேலையைத் தொடங்கினார் என்பதைச் செயலி வழியான நிறுவனம் எதுவாயினும் நொடிக்கணக்கில் அறிந்திருக்கும் காலம் இது. விபத்துச் செய்தியில் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஓடிப்போவதைத் தடுக்க எழுதப்பட்ட, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மோதிவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து ஆண்டு என்பது அவர்கள் வாதம். புதிய சட்டம் ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களின் அச்சம் பொய்யல்ல. சாலையில் அடி வாங்குகிறவர்களும் ஸ்டியரிங்கில் இருப்பவர்களே, வேலை நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் அல்லர்.

ஆகவே தண்டனையை ஐந்திலிருந்து பத்தாக்குவதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. செய்யக்கூடியது, விசாரணையின் கால எல்லையைப் பின்னோக்கி நீட்டுவது. இப்போது ஓர் உயிர்ப்பலி விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, பிரேக் சரியாக இருந்தது, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று சான்று தருகிறார். இரும்பைச் சோதிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. ஓட்டியவரின் முந்தைய முப்பது மணி நேரத்தைச் சோதிக்க ஒரு படிவம் இல்லை. அதற்கு வேண்டிய சான்றுகளோ 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து தாமாகவே குவிந்துகொண்டிருக்கின்றன. வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது என்பது பதிவாகிறது; சரக்குக்கான மின்வழிச் சீட்டில் (இ-வே பில்) புறப்பட்ட இடமும் நாளும் இருக்கின்றன; டீசல் போட்ட ரசீது, ஓட்டுநரின் கைபேசி கோபுரம் மாறிய நேரங்கள், பயணச் செயலியின் உள்நுழைவுப் பதிவு ஆகியவற்றை அடுக்கினால், அவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், தூங்க நேரம் இருந்ததா என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். அதே தாள், ஓட்டுநரை அந்த நேர அட்டவணையில் அனுப்பியவர் யார் என்பதையும் காட்டும்.

விபத்துகளை மின்னணு முறையில் பதிவுசெய்ய சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய தரவுத்தளம் நாடெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. 2022 முதல், விரிவான விபத்து அறிக்கையைத் தொண்ணூறு நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அளிப்பதும் விசாரணை அதிகாரியின் கடமை. அந்த அறிக்கையில் வர்த்தக வாகனங்களுக்கு மட்டுமாவது, மோதலுக்கு முந்தைய ஒரு நாளின் சுங்கச்சாவடி நேரங்களைச் சேர்க்கும்படி செய்தால், 91ஆம் பிரிவை மீறிய உரிமையாளரை அடையாளம் காணத் தனி விசாரணை வேண்டியதில்லை. சாலையோரக் கடைகளின் கண்காணிப்புக் கேமரா காட்சிகள் சில வாரங்களில் அழிந்துவிடும். ரசீதுகள் அதற்கு முன்பே தொலையும். முதல் தகவல் அறிக்கை பதிவான அன்றே அவற்றைக் கேட்டு எழுதும் கடிதம், இறந்துபோன சைக்கிள் ஓட்டியின் தரப்பில் எழுதப்படும் முதல் சாட்சியமாக இருக்கும்.